காரணம் ஏழு

ஓல்ட்டனில் நவம்பர் வந்தால்
ஆரே ஆறு காணாமல் போய்விடும்.
மூன்றாம் மாடி, கண்ணாடிச் சுவர்,
வெளியே சுத்தமாக ஒன்றுமில்லை.
உள்ளே திரையில் எல்லாம் துலக்கம்:
எத்தனை பேர் வந்தார்கள்,
எத்தனை பேர் கூடையை நிரப்பிவிட்டு
காசு கட்டும் வாசலில் மனம் மாறினார்கள்.

நாங்கள் விற்பது வீட்டுச் சப்பாத்து.
கம்பளி, தக்கை அடி, பதினாறு நிறம்.
நூறு சோடி போனால்
நாற்பத்திரண்டு திரும்பி வரும்.

ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்க ஏழு கட்டம்.
ஒன்று, சிறிது. இரண்டு, பெரிது.
நிறம், தாமதம், பழுது, மனம் மாறியது.
ஏழு: வேறு.
வரைபடத்தில் ஏழுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தவள் நான்.
கண்ணில் படாமல் கிடக்கட்டும் என்று.

பெரிது என்பதுதான்
பெருத்துக்கொண்டே போனது.

இணைய விற்பனைத் தலைமை என்று
கதவில் என் பெயர் ஒட்டி நாலு மாதம்.
தலைமை என்றால் யோசனை சொல்லத்தானே வேண்டும்?
காணொளி, என்றேன்.
அழகான பெண், அழகான பாதம், ஒரு நிமிடம்,
பதினெண்ணாயிரம் பிராங்க்.
வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது,
பாதிப் பேருக்குப் பழைய பக்கம்.
இரண்டு கிழமை ஓடவிட்டோம்.
பழைய பக்கம் வென்றது.

ரேட்டோ அந்த எண்ணைப்
பொடி எழுத்தில் போட்டுக் காட்டினான், மரியாதைக்கு.
பெரிதாக்கு, என்றேன்.
பெரிதாக்கினான்.
கோப்பி எல்லார் கையிலும் ஆறியது.

எனக்குத் தெரியவில்லை என்பதற்கு
சுவிஸ் ஜெர்மனில் மூன்றே சொல்.
அதைச் சொல்லி முடிக்க
ஒரு முழு வெள்ளிக்கிழமை பிடித்தது.

செவ்வாய் எகர்கிங்கன் களஞ்சியத்துக்குப் போனேன்.
மஞ்சள் மேலங்கி தந்தார்கள், தோளில் நிற்கவில்லை.
திரும்பி வந்த பொதிகளைப் பிரிக்கும் மேசையில்
த்ரிதா.
வெட்டு, திற, முகர்ந்து பார், அடியைத் தடவு:
அவளுக்கு ஒரு பெட்டி நாற்பது விநாடி.
எனக்கு நாலு நிமிடம், ஒரு விரல் வெட்டும்.

ஏன் பெரிது என்கிறார்கள், என்று கேட்டேன்.
மேசைக்கு அடியிலிருந்து
ஒரு பெட்டியைக் காலால் தள்ளினாள். நிறையத் தாள்.
"எறியச் சொன்னார்கள்," என்றாள்.
"நீங்கள்தான்."

பாதங்கள்.
எங்கள் அளவுப் பக்கம் சொன்னபடி
தாளில் ஏறி நின்று வரைந்து
பெட்டிக்குள்ளேயே விட்டுப்போன பாதங்கள்.
மின்கட்டண உறையின் முதுகில் ஒன்று,
யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பியில் ஒன்று,
ஐந்து விரலுக்கும் நகம் கீறிச் சிவப்புப் பூசி ஒன்று.
எல்லாமே வாத்துக் கால் மாதிரி அகன்று.

த்ரிதா தன் கையைத் தாளில் விரித்தாள்.
பேனாவைச் சாய்த்துக்கொண்டு சுற்றி வந்தாள்.
கோடு கையை விட்டு வெளியே உலாத்தியது.
பிறகு பேனாவை நிமிர்த்தினாள்.
கோடு தோலோடு ஒட்டிக்கொண்டது.
இரண்டுக்கும் நடுவில் அரைச் சென்ரிமீற்றர்,
அதற்குள் விழுந்து கிடந்தன
என் பதினெண்ணாயிரம் பிராங்க்.

செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்று கேட்பது வழக்கம்.
நாங்கள் வெட்டவில்லை.
காலைப் பார்க்கவே இல்லை.

ஒரு வரி சேர்த்தோம்:
பேனாவை நேராகப் பிடியுங்கள்.
நாற்பத்திரண்டு முப்பத்துநாலானது.

யாருடைய யோசனை, என்றார் பணிப்பாளர் ஹுன்சிக்கர்.
என் பெயர் நுனிநாக்குவரை வந்து நின்றது.
நின்றது உண்மை. எழுதிவைக்கிறேன்.
த்ரிதா பெரிஷா, என்றேன்.
எழுத்துக் கூட்டியும் சொன்னேன்,
அறிக்கையில் பிழை வராமல்.

இப்போது மாதத்தில் ஒரு நாள்
எங்கள் மாடியே காலியாகி
எல்லாரும் எகர்கிங்கனில் பெட்டி பிரிக்கிறோம்.
ரேட்டோ ஐம்பது விநாடிக்கு வந்துவிட்டான்.
நான் ஒரு நிமிடம் பத்து.

மார்ச்சில் எண் மறுபடி ஏறியது, முப்பத்தாறு.
வெயில் வந்ததும் காலுறை இல்லாமல் வரைகிறார்களோ?
த்ரிதா உதட்டைப் பிதுக்குகிறாள்.
எனக்கும் தெரியவில்லை; இம்முறை
திங்கள் காலையே சொல்லிவிட்டேன்.
ஏழுக்குச் செம்மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

நேற்றிரவு வீடு உறங்கிய பிறகு
சமையலறைத் தரையில் தாளை விரித்து
ஏறி நின்றேன், பேனாவை நிமிர்த்திக்கொண்டு.
முப்பத்தெட்டு.
இருபது வருடமாக
முப்பத்தொன்பது வாங்குகிறேன்.